வீட்டுக்குள் சைக்கிள், மூன்று வருசம்: மெசினை விடக் காற்றுக்குத்தான் அலைந்தேன்

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துத்தான் நான் மறுபடி சைக்கிளில் ஏறினேன். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து பண்ணைப் பாலம் கடந்து வேலணை வரை விடியப் போய் வருவது பழக்கமாகிவிட்டது. பெற்றோல் வந்த பிறகும் விடவில்லை. கார்த்திகை மழை தொடங்கியதும்தான் சிக்கல். வெள்ளத்துக்குள் குழி எது, வீதி எது என்று தெரியாது. இருட்டில் நாய்கள் வேறு. ஒருநாள் நாய் துரத்தி விழுந்து, முழங்கையை உரஞ்சிக்கொண்டு வந்தேன். மருந்து போட்டபடியே மனுசி, "மழை முடியுமட்டும் வீட்டுக்குள்ளயே ஓடுங்கோவன்" என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கிற மெசினைத்தான் ட்ரெயினர் என்பார்கள். முதல் வாங்கியது, பின்சில்லை ஒரு உருளையில் அழுத்தி ஓட்டுகிற மலிவு வகை. சாதாரண ரயர் அதில் சூடேறிக் கறுப்புத் தூளாக உதிரும். சில்லுக்குப் பின்னால் சீமெந்து நிலத்தில் ஒரு கறுப்புக் கோடு. இதற்கென்றே கடினமான ரயர் இருக்கிறது, ஆனால் நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை. சத்தம் அதைவிட மோசம். இரண்டாம் நாளே பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, மோட்டரை நிப்பாட்ட மறந்திட்டியளோ, தாங்கி வழியப் போகுது" என்றார். கிணற்று மோட்டர் என்றே நினைத்திருக்கிறார்.

அடுத்த வருசம் ரொறொன்ரோவில் இருந்து வந்த மச்சான், தான் பாவித்த 'டிரெக்ட் டிரைவ்' ட்ரெயினரைக் கொண்டுவந்து தந்தார். பின்சில்லைக் கழற்றிவிட்டு சைக்கிளை நேரே மெசினில் மாட்டுவது. ரயர் தேயாது, செயின் சத்தம் மட்டும்தான். ஆனால் மாட்டிய நாளில் இருந்து கியர் தாவிக்கொண்டே இருந்தது. இரண்டு கிழமை வயரை முறுக்கி முறுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் சந்திக் கடை ஐயாவைக் கூட்டிவந்தேன். அவர் இப்படி ஒரு மெசினைக் கண்டதே இல்லை. பின்பக்கப் பல்லுச் சக்கர அடுக்கை, அதுதான் கசெற், இரண்டு விரலால் பிடித்து ஒருக்கா ஆட்டினார். "இதுக்குள்ள ஒரு வளையம் குறையுது தம்பி." அவ்வளவுதான். 11 கியர் கசெற்றுக்கு அளவான அச்சில் என்னுடைய 9 கியர் கசெற் உட்கார 1.85 மி.மீ. வளையம் ஒன்று போடவேண்டும். அது மச்சானின் மேசை லாச்சிக்குள் கிடந்து, பிறகு கடித உறையில் வந்து சேர்ந்தது. பழைய ட்ரெயினர் வாங்குகிறவர்கள் பெட்டிக்குள் வந்த சில்லறைச் சாமான்களையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, மெசின் சரி. இடம்தான் பிழைத்தது. வெளியில் தெரியக்கூடாது என்ற வெட்கத்தில் சாமான் அறைக்குள் வைத்திருந்தேன். ஒரு சின்ன ஜன்னல், மேலே சீலிங் ஃபான், பக்கத்தில் நெல்லு மூட்டை. கனடாக்காரர் போடுகிற வீடியோக்களில் நிலக்கீழ் அறையில் குளிரக் குளிர ஓடுவார்கள். இங்கே காண்டாவன வெயில் நாளில் விடிய 5 மணிக்கே அந்த அறையில் 29 பாகை. பெடலுக்குப் போவது உடம்பு செலவழிக்கிற சக்தியில் நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். மிச்சம் முழுக்கச் சூடு. 150 வாட்டில் மிதித்தால் 450 வாட்டுக்கு மேல் சூடு உடம்பில் இருந்து வெளியேறவேண்டும். அடைத்த அறைக்குள் நானே ஒரு ஹீற்றர். வீதியில் ஓடும்போது காற்று தானாக முகத்தில் அடிக்கும், அதனால் இது விளங்குவதில்லை. சொட்டுகிற வியர்வையால் பிரயோசனம் இல்லை, காய்கிற வியர்வைதான் உடம்பைக் குளிர்த்தும். எங்கள் ஈரப்பதத்தில் காற்று அசையாவிட்டால் அது காயவே காயாது. அதே 150 வாட்டில் பத்தாவது நிமிசம் 142 ஆக இருந்த நெஞ்சுத் துடிப்பு நாற்பதாவது நிமிசம் 168 ஆகிவிடும். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் 1.3 கிலோ குறைவு. எனக்கு வயசு போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன்.

அப்பாதான் வழி சொன்னார். "சோளகம் வாற பக்கத்தை விட்டிட்டு ஏன் கோடிக்குள்ள கிடந்து அவியிறாய்?" எங்கள் பின்விறாந்தை தெற்குப் பார்த்தது. வைகாசியில் இருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று நேரே உள்ளே வரும். அங்கே மாற்றினேன். சோளகம் ஓய்ந்த நாட்களுக்கு, கல்யாண மண்டபங்களில் நிற்குமே, அந்தப் பெரிய ஸ்ராண்ட் ஃபான் ஒன்று, 18,500 ரூபா. வைக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் நாள் எடுத்தது. முகத்துக்கு நேரே வைத்தால் கண் எரியும். முன்னால், கொஞ்சம் சரித்து, நெஞ்சில் படுகிற மாதிரி இடுப்பு உயரத்தில் வையுங்கள். இப்போது நாற்பதாவது நிமிசத்தில் துடிப்பு 151. மெசின் அதே மெசின், கால் அதே கால். நுளம்பும் கிட்ட வராது.

விறாந்தையில் வேறு தொல்லை உண்டு. சோளகம் செம்மண் தூளை அள்ளிவந்து செயினில் அப்பும், ஆகவே செயினுக்கு நிறைய எண்ணெய் விடுவதை நிறுத்தினேன். இரண்டு சொட்டு விட்டுத் துடைத்துவிட வேண்டும். தேசிக்காய், உப்பு, சீனி கரைத்த தண்ணி ஒரு துளி சிந்தினாலும் மறுநாள் எறும்புக் கோலம்.

ஆனால் உண்மையான எதிரி வியர்வை. வீதியில் அது காற்றோடு போய்விடும். இங்கே ஒரே இடத்தில் சொட்டும். ஒன்றரை வருசத்துக்குப் பிறகு ஹாண்டில் நாடாவை உரித்தபோது உள்ளே அலுமினியம் வெள்ளை மாவாகப் பொரிந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. கழுத்துப் போல்ட் இரண்டும் கறள் பிடித்து, ஒன்று கழற்றும்போதே முறிந்துவிட்டது. அந்த ஹாண்டிலோடு வீதியில் போயிருந்தால் என்று நினைக்கவே கால் கூசியது. இப்போது ஹாண்டிலுக்கு மேல் ஒரு பழைய துவாய், ஓடி முடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பு, போல்ட்டுகளுக்குக் கிறீஸ், வருசத்துக்கு ஒருக்கா நாடா கழற்றிப் பார்ப்பது. கீழே ஒரு றப்பர் பாய்.

கரண்ட் போனால் இந்த மெசினில் இறுக்கம் போய்விடும், கால் வெறுமையாகச் சுற்றும். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பிந்தி எழும்பி, ஸ்விஃப்ட் என்ற சைக்கிள் செயலியில், திரைக்குள் இருக்கிற அல்ப் டு ஸ்விஃப்ட் மலையை ஏறிக்கொண்டிருந்தேன்: 12.2 கிலோமீற்றர், 1,036 மீற்றர் ஏற்றம், 21 வளைவு. ஏறிப் பார்க்க எங்களுக்குக் கோயில் கோபுரத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது, அதனால் அந்த மலையில் ஒரு ஆசை. இன்னும் நாலு வளைவு இருக்க எல்லாம் நின்றது. நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. தெற்கே ஒரு உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம். பிறகு ட்ரெயினருக்கும் றவுற்றருக்கும் ஒரு சின்ன யூ.பி.எஸ். போட்டேன். ஃபானை அது தாங்காது. ஃபான் இல்லாமல் நான் தாங்கமாட்டேன் என்பதால் யூ.பி.எஸ். வீண் செலவு என்று மனுசி சொல்வதும் சரிதான்.

ஸ்விஃப்ட் மாதம் 19.99 டொலர், எங்கள் காசுக்கு 6,000 ரூபாயை ஒட்டி. மழை மாதங்களில் மட்டும் கட்டுகிறேன். லப்டொப்பில் ட்ரெயினர் தெரியாவிட்டால் பதற வேண்டாம். உங்கள் போன்தான் புளூடூத்தில் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

இப்போது வாடை தொடங்கிவிட்டது, காற்று வீட்டுக்கு மறுபக்கம். ஃபானை வடக்கு வாசலுக்குக் கொண்டுபோனால் வயர் எட்டவில்லை. பிளக் போடச் சனிக்கிழமை வருவதாக இலெக்ரீசியன் அண்ணை சொல்லியிருக்கிறார். போன சனிக்கிழமையும் அப்படித்தான் சொன்னார்.