லேப்டாப்புக்குத் ‘திருட்டுப் பாதுகாப்புத் திட்டம்’ விற்கிறார்களா? காசைக் கொடுத்துவிடாதீர்கள்

67,489 ரூபாய். லேப்டாப்புக்கு 61,990, அதோடு தலையில் கட்டிய ‘முழுப் பாதுகாப்புத் திட்டத்துக்கு’ 5,499. லேப்டாப் களவு போனது, திட்டம் எதற்கும் உதவவில்லை. ‘உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது’ என்ற மின்னஞ்சல் இன்று காலை வந்தது. கொதிப்போடுதான் எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வாங்கியது, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய மின்னணுப் பொருள் கடையில். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். எத்தனையோ குடும்பங்களின் பான் எண், ஆதார் நகல், வங்கி விவரம் எல்லாம் என் கணினியில்தான். அதனால் விலையைவிடத் திருட்டைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டேன். ரயிலில் போய்வருகிறவன் என்றும் சொன்னேன். விற்பனையாளர் தயங்கவே இல்லை. “எங்கே திருடு போனாலும் முழுத் தொகையும் வரும் சார். உள்ளே இருப்பதை யாரும் எடுக்க முடியாது. எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்” என்றார். அவரே உட்கார்ந்து கண்காணிப்பு மென்பொருளை ஏற்றினார். மூடியின் மேல் நீல நிற ஸ்டிக்கர் ஒன்றை வைத்து, காற்றுக் குமிழி இல்லாதபடி கட்டைவிரல் நகத்தால் ஓரம் ஓரமாகத் தேய்த்து ஒட்டினார். ‘இந்தக் கணினி கண்காணிப்பில் உள்ளது’ என்று அதில் அச்சிட்டிருந்தது. இவ்வளவு கரிசனமாக வேலை செய்கிறவரை யார் சந்தேகப்படுவார்கள்?

மதுரையிலிருந்து எழும்பூர் வரும் இரவு ரயில். தலைக்கு வைத்துப் படுத்திருந்த பை, செங்கல்பட்டு தாண்டி விழித்தபோது இல்லை. ரயில்வே போலீசார் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து நகலும் கொடுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை.

கடைக்குப் போனால், “நாங்கள் விற்பதோடு சரி, காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள்” என்றார்கள். காப்பீட்டு நிறுவனம், திட்டத்தை நடத்தும் இன்னொரு நிறுவனத்தைக் கைகாட்டியது. அங்கே மறுபடியும் கடை ரசீதைக் கேட்டார்கள். மேலாளர் எப்போது போனாலும் ‘வெளியே போயிருக்கிறார்’. கண்காணிப்பு மென்பொருள்காரர்கள் சொன்னதுதான் உச்சம்: அந்த வரிசை எண்ணில் எந்தக் கணினியும் அவர்களிடம் பதிவாகவே இல்லையாம்! மென்பொருளை ஏற்றியவர் பதிவை முடிக்கவில்லை. ஸ்டிக்கரை மட்டும் ஒட்டியிருக்கிறார்.

இன்றைய மின்னஞ்சலில் இரண்டு காரணங்கள். ‘பூட்டை உடைத்தோ வலுக்கட்டாயமாகவோ நுழைந்ததற்கான தடயம் இல்லை.’ ஸ்லீப்பர் பெட்டியில் திருடன் எந்தப் பூட்டை உடைப்பான் ஐயா? அடுத்தது, ‘உரிமையாளர் உறங்கியதால் பொருள் கவனிப்பாரற்று இருந்தது.’ படுக்கை வசதிக்கு டிக்கெட் எடுத்தவன் உறங்கத்தானே செய்வான்! இந்த நிபந்தனைகள் அடங்கிய ஆவணம், பணம் கட்டிய பிறகுதான் மின்னஞ்சலில் வந்தது.

67,489 ரூபாயைவிட நெஞ்சை அறுப்பது உள்ளே இருந்த ஆவணங்கள். விண்டோஸ் கடவுச்சொல் நுழைவதை மட்டும்தான் தடுக்கும். தகவல்கள் இருக்கும் வட்டு குறியாக்கம் (சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது, ஆங்கிலத்தில் என்கிரிப்ஷன்) செய்யப்படாமல் இருந்தால், அதைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எல்லாவற்றையும் படித்துவிடலாம். ‘யாரும் எடுக்க முடியாது’ என்றவர் குறியாக்கத்தை இயக்கவே இல்லை. என்னை நம்பி ஆதார் கொடுத்தவர்களுக்கெல்லாம் இப்போது ஒவ்வொருவராகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விவரமாக எழுதப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். திட்டத்தை விற்றால், பணம் கட்டும் முன்பே நிபந்தனை ஆவணத்தைக் கேளுங்கள். ‘வலுக்கட்டாய நுழைவு’ என்ற சொல் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விண்டோஸ் புரோ பதிப்பு என்றால் அதே வேலையைச் செய்யும் பிட்லாக்கர் இருக்கும். பூட்டிக்கொண்ட வட்டைத் திறக்க உதவும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கணினிப் பையில் வைக்காதீர்கள். தொலைந்த கைபேசிகளை முடக்க உதவும் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதியச் சொல்வார்கள். அது ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு கைபேசிக்கும் உள்ள தனி அடையாள எண்) உள்ள கைபேசிகளுக்கு, சாதாரண லேப்டாப்புக்கு உதவாது. வரிசை எண்ணைப் படமெடுத்து வையுங்கள், புகாரில் அது வேண்டும். காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தால், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். சென்னை அலுவலகத்துக்கு என் மனு தயாராகிவிட்டது. கடையின் மேல் நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் கொடுக்கப் போகிறேன்.