தனித்தேர்வா, குழுச் செயல்திட்டமா? ஐந்தாம் வகுப்பின் கணினித் திறனை அளந்த அனுபவம்

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் 24 பிள்ளைகள், கணினிகள் நான்கு. பிள்ளைகளுக்குக் கணினியில் உண்மையிலேயே என்ன செய்ய வருகிறது என்பதை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்விக்கு, கடந்த இரண்டு ஆண்டுகளில் எழுத்துத் தேர்வு, ஒவ்வொருவராக உட்காரவைத்து நடத்தும் செய்முறைத் தேர்வு, நால்வர் சேர்ந்து செய்யும் செயல்திட்டம் என மூன்று வழிகளையும் நடத்திப் பார்த்தேன். இப்போது மூன்றாவதைத்தான் கைக்கொண்டிருக்கிறேன். ஆனால் முதல் ஆண்டில் அதை நடத்திய விதம் தவறு. அந்தத் தவற்றைத் திருத்திய பிறகே அது மதிப்பீடு என்ற பெயருக்குத் தகுதி பெற்றது.

எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படத்தைப் பார்த்து ‘சுட்டி’ (மவுஸ்), ‘விசைப்பலகை’, ‘திரை’ என்று பெயரெழுதியவர்களில் பெரும்பாலோர் முழு மதிப்பெண் வாங்கினார்கள். அவர்களுள் சிலருக்குத் தாம் செய்ததைச் சேமிக்கக்கூடத் தெரியவில்லை.

செய்முறைத் தேர்வு அப்படி ஒதுக்கத்தக்கதல்ல. தமிழ்99 விசைப்பலகையில் ஐந்து வரி தட்டச்சு செய்து, ஒரு படத்தைச் சேர்த்து, தன் பெயரில் உள்ள கோப்புறையில் சேமிக்க வேண்டும் என்பது பணி. ஆளுக்குப் பதினைந்து நிமிடம், ஒரு நேரத்தில் நால்வர் என்று வைத்தால் இரண்டு பாடவேளைகளில் முடிந்துவிடும். தமிழ்99இல் ‘அம்மா’ என்று அடிக்க முதல் மகரத்துக்குப் புள்ளியைத் தனியாக வைக்க வேண்டியதில்லை, மகரத்தை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானே விழும் என்பது யாருக்குத் தெரிந்திருக்கிறது, யார் புள்ளி விசையைத் தேடித் தவிக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்றே கண்டுவிடலாம். வாங்கும் மதிப்பெண் அந்தப் பிள்ளைக்கே உரியது. அதில் வேறொருவர் கை இல்லை. குறை என்னவென்றால், மூன்றாவது அணி உள்ளே வருவதற்குள் படிகள் அத்தனையும் வராந்தாவில் மனப்பாடமாகிவிடுகின்றன. அதன்பின் நான் அளப்பது நினைவாற்றலைத்தான். மேலும், சொன்னதைச் செய்யத் தெரியுமா என்பதைத்தான் அது காட்டுகிறது. எதைச் செய்ய வேண்டும் என்று பிள்ளை தானே முடிவெடுக்க வேண்டிய தருணம் அதில் வருவதேயில்லை.

செயல்திட்டத்துக்கு வைகை அணையின் நீர்மட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வைகை அணைத் தண்ணீர், பேரணை என்ற தடுப்பணையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாகத்தான் எங்களுக்கு வருகிறது. அந்தக் கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகம், அதைத் தாண்டி எங்கள் மேலூர்ப் பகுதி ஒருபோகம். தண்ணீர் திறப்பார்களா என்பது எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் அன்றாடப் பேச்சு. நாளிதழில் வரும் அணை மட்டத்தை 28 நாட்களுக்குக் குறித்துவந்து, லிப்ரே ஆபீஸ் மென்பொருளின் விரிதாளில் (எண்களைக் கட்டங்களில் ஏற்றும் அட்டவணையில்) ஏற்றி, கோட்டு வரைபடமாக்கி, ஊர்க் கண்மாயின் மடை, கலிங்கு, வரத்துக்கால் ஆகியவற்றின் படங்களோடு ஐந்து பக்கக் காட்சித்தொகுப்பாகச் செய்ய வேண்டும். ஆறு குழுக்களில் நான்கு கணினியில் இருக்கும்போது மற்ற இரண்டு குழுக்கள் தாளில் வரைந்து திட்டமிடும். வாரத்துக்கு இரண்டு பாடவேளை வீதம் ஏழு வாரம் பிடித்தது.

குழுவாகச் செய்தால் பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வார்கள், ஆர்வம் கூடும் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்ததே. என் முடிவைத் தீர்மானித்தது அதுவல்ல. நால்வர் செய்த வேலையில் ஒவ்வொருவருடைய திறனையும் எப்படிப் பிரித்தறிவது? இந்த ஒரு கேள்விக்கு விடை இல்லையென்றால் குழுச் செயல்திட்டம் நல்ல கற்பித்தலாக இருக்கலாம், மதிப்பீடாக இருக்க முடியாது.

முதல் ஆண்டில் அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த முழுமையான தொடர் மதிப்பீட்டில் வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்வது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வு) 60 என்பது ஆசிரியர்கள் அறிந்த கணக்கு. செயல்திட்டத்துக்கென நான் ஒதுக்கிய 20 மதிப்பெண்ணில், நன்றாகச் செய்த குழுவின் நால்வருக்கும் ஒரே மாதிரி 18 போட்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு தாய் வந்து, “டீச்சர், எம் புள்ள மவுசத் தொடவே இல்லேங்குது. அதுக்கு எப்படி 18 போட்டீங்க? நாளைக்கு ஆறாங்கிளாசுல போயி முழிக்குமே” என்று கேட்டார். கூடுதலாகக் கிடைத்த மதிப்பெண்ணை எதிர்த்துக் கேட்ட அந்தத் தாயிடம் எனக்குப் பதில் இருக்கவில்லை.

இது என் வகுப்புக்கு மட்டுமான சிக்கலும் அல்ல. பல நாடுகளின் மாணவர் திறனை ஒப்பிடும் பீசா (PISA) ஆய்வில், 2015ஆம் ஆண்டு 15 வயது மாணவர்கள் கூடிச் செயல்பட்டுச் சிக்கலைத் தீர்க்கும் திறனை அளந்தபோது, உடன் பணியாற்றுபவர்களாக உண்மையான மாணவர்களை வைக்காமல், கணினியே நடிக்கும் கற்பனைக் கூட்டாளிகளை வைத்தார்கள். கூட்டாளி கெட்டிக்காரரா மந்தமா என்பது ஒரு மாணவரின் மதிப்பெண்ணைப் பாதிக்காமல் எல்லோருக்கும் ஒரே நிலைமை அமைவதற்காகச் செய்த ஏற்பாடு அது. தொடக்கப் பள்ளியில் அப்படிச் செய்ய வழியில்லை. ஆனால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை அது எனக்குத் தெளிவாக்கியது.

இரண்டாம் ஆண்டில் மூன்று மாற்றங்களைச் செய்தேன். முதலாவது, இருக்கை மாற்றம். சுட்டி பிடிப்பவர், எண்களை வாசிப்பவர், சரிபார்ப்பவர், குறிப்பெழுதுபவர் என்ற நான்கு இடங்களிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறி உட்கார வேண்டும். அடுத்து, விரிதாளில் ஆளுக்கு ஒரு வாரம். தன் பெயரிட்ட தாளில் தன் ஏழு நாட்களைத் தானே ஏற்ற வேண்டும். மூன்றாவதுதான் முக்கியமானது. வேலை முடிந்த பிறகு, குழுவின் கோப்புக்குப் படி எடுத்து, அதில் நானே ஒரு பிழையை நுழைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, “இதில் ஏதோ சரியில்லை, பார்” என்று மட்டும் சொல்லி ஐந்து நிமிடம் கொடுப்பேன். பிழை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் வராந்தா மனப்பாடம் உதவாது. 20 மதிப்பெண்ணில் குழுவின் ஆக்கத்துக்கு 8, இந்தத் தனிச் சோதனைக்கு 12.

அதில் கண்ட ஒரு காட்சி என் மனத்தை முழுதும் இந்தப் பக்கம் திருப்பியது. 60.4 அடி என்றிருந்த ஒரு நாளின் புள்ளியை நீக்கி 604 ஆக்கியிருந்தேன். வரைபடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் கோபுரம்போல எழ, மற்ற நாட்கள் தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. வெவ்வேறு குழுவைச் சேர்ந்த இருவருக்கு மட்டும் இதே பிழையைக் கொடுத்தேன். வகுப்பிலேயே வேகமாகத் தட்டச்சு செய்யும் மாணவன் கோட்டின் நிறத்தை மாற்றினான். வரைபடத்தை அழித்து மீண்டும் உருவாக்கினான். அதே கோபுரம் மீண்டும் வந்தது. செய்முறைத் தேர்வில் பாதி மதிப்பெண்ணே வாங்கியிருந்த மாணவி வரைபடத்தைத் தொடவில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டு, “அணையே 71 அடிதான டீச்சர், 604 எப்படி வரும்?” என்று கேட்டபடி அட்டவணைக்குப் போய், ஒற்றை விரலால் புள்ளியைத் தேடிப்பிடித்து வைத்தாள். வரைபடம் தானாகச் சரியானது. கணினி காட்டுவதை அப்படியே ஏற்காமல் மூல எண்ணுக்குத் திரும்பிப் போகும் இந்தத் திறனைச் செய்முறைத் தேர்வில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இதற்கான விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பதினான்கு பாடவேளைகள் போக, தனிச் சோதனைக்கு மட்டும் இரண்டு மணி நேரம். ஒவ்வொரு வேளையும் குழுவுக்கு இரண்டு வரியாவது குறிப்பேட்டில் எழுதாவிட்டால் ஏழாம் வாரத்தில் எதுவும் நினைவிருக்காது. மின்வெட்டால் இரண்டு குழுக்களின் ஒரு நாள் வேலை அழிந்தது. அதன்பின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறும்போதே சேமித்துவிட்டு எழ வேண்டும் என்று விதி வைத்தேன். நாற்பது பேர் உள்ள வகுப்பில், ஒரே ஆசிரியர் இதைத் தாங்க முடியுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்புக்குக் கீழே நான் முயன்றதும் இல்லை. தட்டச்சு, சேமிப்பு போன்ற அடிப்படைகளை மட்டும் பருவத் தொடக்கத்தில் விரைவாக அறிய வேண்டுமானால் செய்முறைத் தேர்வே போதும். நானும் அதை அந்த அளவில் வைத்திருக்கிறேன், அதற்கு மதிப்பெண் போடுவதில்லை. யாருக்கு எந்த அடிப்படை வரவில்லை என்று அதில் தெரிந்துகொண்டு, நால்வர் குழுக்களைப் பிரிக்கும்போது அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்கிறேன்.