ஃபிளாக்சின் பி சாயம்: நிலக்கடலை நூற்புழுச் சோதனைக்கு எப்படி?

வேருக்குள் புகுந்து அதை வீங்கவைக்கும் நுண்புழுவான வேர்முடிச்சு நூற்புழுவை எதிர்க்கும் நிலக்கடலையைத் தேர்ந்தெடுக்க முடிச்சை மட்டும் எண்ணினால் போதாது. தழைச்சத்து தரும் ரைசோபியம் பாக்டீரியாவின் முடிச்சும் கண்ணை ஏமாற்றும். அது வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியது, உதிராது. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில் ஃபிளாக்சின் பி உண்மையிலேயே கெட்டி.

லிட்டர் நீருக்கு 0.15 கிராம், 15 நிமிடம் ஊறல், பிறகு அலசல். அவ்வளவுதான். பெண் நூற்புழு வேரில் இட்ட முட்டைத் தொகுதிகள் சிவந்து நிற்கும், வேர் ஏறக்குறைய வெளிறியே இருக்கும். 0 முதல் 5 வரையான அளவுகோலில் 1–2 தொகுதிக்கு 1, 3–10க்கு 2, 11–30க்கு 3, 31–100க்கு 4, நூறுக்கு மேல் 5.

குறைகள்? மண் ஒட்டிய வேரில் எல்லாமே கறையாகும். முரட்டுத்தனமாகக் கழுவினால் தொகுதிகளே போய்விடும். பழுத்துப் பழுப்பேறியவை சாயத்தைச் சரியாக ஏற்காது, ஆகவே சோதனைக்காக நூற்புழு முட்டைகளை மண்ணில் சேர்த்த பின் செடியை எட்டு, பத்து வாரத்துக்கு மேல் காக்கவிட வேண்டாம். கரைசல் வெளிச்சத்தில் மங்கும், கறுப்புப் புட்டி தேவை. கையில் சாயம் ஏறினால் கையுறை போடாததை நினைத்து வருந்த நேரிடும்.

சாயம் நூற்புழுவின் இனத்தைச் சொல்லாது. சோதனைக்காகத் தக்காளியில் பெருக்கிய மெலாய்டோகைன் அரேனேரியா என்ற நூற்புழு இனத்தில் இன்காக்னிட்டா என்ற வேறு இனம் கலந்திருந்தால், அதை நிலக்கடலை பொதுவாக ஏற்காததால், எண்ணிக்கை குறைந்து எதிர்ப்பில்லாத செடிகூட எதிர்ப்புள்ளதாகத் தெரியும். எளிதில் தாக்கப்படும் ரகம் ஒன்றை ஒவ்வொரு சோதனைத் தொகுப்பிலும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். அதில் மதிப்பெண் 4க்குக் கீழே என்றால் அந்தச் சோதனைத் தொகுப்பே வீண்.