ஐப்பசியில் ஹோய் ஆன் போகாதீர்கள்: 'சீசன்' என்று சொல்லி விற்றார்கள்

நேற்று ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கண்ணில் பட்டது. மஞ்சள் சுவர்கள், துணி விளக்குகள், ஆற்றில் ஒரு படகு. கீழே 'வியட்நாம் சீசன் ஆரம்பம்! தீபாவளி ஸ்பெஷல், சீட் கொஞ்சம்தான் இருக்கு' என்று ஒரு வரி. எங்களை ஏமாற்றிய அதே டூர் ஏஜென்ட், அதே படம், அதே வாசகம். இன்னும் நாலு குடும்பம் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பெயர் சொல்லவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, தவிர, இதே கதையைச் சொல்லி விற்பவர் இவர் ஒருவர் மட்டும் இல்லை.

ஹோய் ஆன் மத்திய வியட்நாமில், தூ போன் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய துறைமுக ஊர். ஜப்பானியரும் சீனரும் வந்து தங்கி வியாபாரம் செய்த இடம். அவர்கள் கட்டிய மர வீடுகளும், கூரை போட்ட ஜப்பானியப் பாலமும் இன்னும் நிற்கின்றன. 1999-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. விமான நிலையமும் ரயிலும் கிடையாது. டா நாங்கில் இறங்கி முக்கால் மணி நேரம் காரில் போக வேண்டும். அழகான ஊர், சந்தேகமே இல்லை. ஊர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

போனது நாலு பேர்: நான், மனைவி, பத்து வயது மகள், மாயவரத்திலிருந்து மாமனார். ஏஜென்ட் சொன்னது இதுதான்: "சார், தாய்லாந்து, வியட்நாம் எல்லாமே அக்டோபர் கடைசியிலேர்ந்து பிப்ரவரி வரைக்கும் பீக் சீசன். தீபாவளி லீவுல போனா கிளைமேட் சூப்பரா இருக்கும். கூட்டம் அதிகம், அதனால சர்சார்ஜ் உண்டு." ஆளுக்கு 82,000 ரூபாய். அதற்கு மேல் சீசன் சர்சார்ஜ் ஆளுக்கு 6,500. அதற்கும் மேல் சாம் தீவுப் படகுப் பயணம் ஆளுக்கு 4,200. ஆற்றைப் பார்த்த அறை. 'விளக்குத் திருவிழா இரவு' இலவசமாம்.

மாமனார் மட்டும் கேட்டார்: "ஐப்பசியில ஆத்தங்கரை ஊருக்கா போறோம் மாப்பிள்ளை? துலா முழுக்குக்கு இங்கயே காவிரியில துலாக் கட்டம் இருக்கே." நான் சிரித்தேன். "மாமா, அது வேற நாடு, அங்க வேற கிளைமேட்" என்றேன். இந்த வாக்கியத்தை அவர் எனக்கு இன்றுவரை அவ்வப்போது திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திருச்சியில் ஏறி ஹோ சி மின் நகரத்தில் இறங்கினோம். அங்கே இரண்டு நாள் ஏதோ தூறல், அவ்வளவுதான். ஏஜென்ட் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். டா நாங் விமானம் மேகத்துக்குள் இறங்கியபோதே கதை மாறிவிட்டது. அன்று மாலையிலிருந்து மழை. விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை. நம் ஊரில் ஐப்பசி அடைமழை என்போமே, அதேதான். காற்றும் வடகிழக்கிலிருந்துதான் வந்தது.

மறுநாள் காலை தீவுப் பயணத்துக்குக் கிளம்பி வரவேற்பறைக்கு வந்தோம். அங்கிருந்த பெண் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். "தீவுப் படகா? இப்போதா?" என்று கேட்டுவிட்டு, மொபைலில் மொழிபெயர்த்துக் காட்டினார். சாம் தீவுக்குப் போவதெல்லாம் வெயில் காலத்தில்தான். மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் படகை நிறுத்திவிடுவார்கள், சில சமயம் வாரக்கணக்கில். எங்கள் பெயரில் எந்தப் படகிலும் முன்பதிவு இல்லை. முன்பதிவு என்ற ஒன்றையே யாரும் செய்திருக்கவில்லை.

அன்று மத்தியானம் ஆற்றோரத் தெருவான பாக் டாங்கில் நடந்தபோது கடைக்காரர்கள் சாமான்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பதற்றமே இல்லை. நம் வீட்டில் மொட்டை மாடி வடகத்தை மழைக்கு முன் எடுத்து வைப்போமே, அந்த மாதிரி. அங்குள்ள பழைய வீடுகள் சிலவற்றில் மாடித் தரையில் ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் கீழ்த்தளச் சரக்கை அது வழியாகக் கயிற்றில் தூக்கிவிடலாம். இன்னொரு வீட்டில் ஒவ்வொரு வருஷ வெள்ளமும் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள். 1964-ன் குறி என் தலைக்கு மேலே இருந்தது. வீட்டைக் கட்டும்போதே வெள்ளத்துக்கு வழி வைத்திருக்கிறார்கள். அந்த ஊருக்கு எங்களை வெள்ள மாதத்தில் 'பீக் சீசன்' என்று அனுப்பியிருக்கிறார் இந்த ஆள்.

இரவு தண்ணீர் தெருவுக்கு வந்தது. எங்கள் 'ஆற்றைப் பார்த்த அறை' தரைத்தளத்தில் இருந்தது. விடுதிப் பையன்கள் ஓடிவந்து பெட்டிகளைத் தூக்கி இரண்டாம் மாடிக்கு மாற்றினார்கள். ஒரு டாங் (அந்த ஊர்ப் பணம்) கூட வாங்கவில்லை, தங்கமான பிள்ளைகள். மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். மாமனார் சுத்த சைவம். 'சாய்' என்று சொன்னால் சைவச் சாப்பாடு என்பதை முதல் நாளே கற்று வைத்திருந்தார், ஆனால் 'சாய்' கடை தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தது. பிஸ்கட்டும் வாழைப்பழமும் தான். இருட்டில் உட்கார்ந்திருந்தபோது அவர் கேட்டார்: "எல்லா விளக்கையும் அணைச்சிட்டாங்களே மாப்பிள்ளை, அந்த விளக்குத் திருவிழா இதுதானா?"

கேலிதான், ஆனால் அதற்குள் ஒரு விஷயம் இருந்தது. விளக்குகள் அங்கே எல்லா இரவும் தொங்கும். திருவிழா என்பது சந்திர மாதத்தின் 14-ம் நாள் இரவு, அதாவது பௌர்ணமிக்கு முந்தைய இரவு. அன்று பழைய ஊரில் மின்விளக்கை அணைத்துவிட்டு, துணி விளக்குகளையும் ஆற்றில் விடும் அகல்களையும் மட்டும் வைத்துக்கொள்வார்கள். தீபாவளியோ அமாவாசையை ஒட்டி வருவது. இரண்டுக்கும் நடுவே அரை மாதம்! தீபாவளி வாரத்தில் அந்த இரவைக் காட்டுவதாக ஒருவர் விற்கிறார், சமையலறையில் நாள்காட்டி தொங்கும் வீட்டுக்காரன் நான் வாங்குகிறேன். இதில் அவரை மட்டும் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை தெருவில் இடுப்பளவு தண்ணீர். படகில் ஏற்றிக் கார் நிற்கும் மேட்டுக்குக் கொண்டுபோய் விட ஆளுக்கு 2,00,000 டாங் கேட்டார்கள், நம் பணத்துக்கு 650 ரூபாய் சுமார். கொடுத்தேன். கிளம்புவதற்கு முன் கணக்கை முடிக்கும்போதுதான் பெரிய விஷயம் வெளியே வந்தது. வரவேற்பறை மேசையில் கட்டண அட்டை இருந்தது. எங்கள் அறைக்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை 18,00,000 டாங். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 9,50,000 டாங், 'மழைக்காலச் சலுகை'. ஏஜென்ட் எங்களுக்குப் போட்ட பில்லில் அறைக்கு ஒரு இரவு 6,800 ரூபாய், அதாவது அவர்களுடைய உச்ச சீசன் விலையைவிடவும் கூடுதல். பாதி விலைக்கு வாங்கிய அறையை முழு விலைக்கு மேல் விற்று, அதன் தலையில் சீசன் சர்சார்ஜ் வேறு. அட்டையை போட்டோ எடுத்துக்கொண்டேன். எங்கள் பயணத்திலேயே உருப்படியான போட்டோ அதுதான்.

ஊருக்கு வந்து ஏஜென்டிடம் கேட்டபோது, "இயற்கைச் சீற்றம் சார், நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். சீற்றமா? வருஷா வருஷம் அதே மாதத்தில் வருவதற்குப் பெயர் பருவமழை. மாயவரத்து மாப்பிள்ளையிடம் அதைச் சொல்கிறார்.

இதற்கான காரணம் நம் ஊர்க் காரணமேதான், அதனால்தான் எனக்கு வெட்கம். தென்மேற்குப் பருவக்காற்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தில் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக இந்தப் பக்கம் வருகிறது அல்லவா? அங்கேயும் லாவோஸ் எல்லையில் துரோங் சன் என்று நீளமான மலைத்தொடர். ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வரும் காற்று அந்தப் பக்கமே மழையை இறக்கிவிட்டு, மத்திய வியட்நாமின் கடற்கரைக்கு அனலாக இறங்கும். 'லாவோஸ் காற்று' என்றே அதற்குப் பெயர். பிறகு காற்று திரும்பும். வடகிழக்கிலிருந்து கடல் ஈரத்தைச் சுமந்து வந்து, இந்த முறை மலையின் கிழக்குப் பக்கம் மோதும். அக்டோபர், நவம்பரில் உச்சம். புயல்களும் அந்த மாதங்களில்தான். நமக்குச் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் என்றால் அவர்களுக்கு ஹுவே, டா நாங், ஹோய் ஆன். அங்கே மலை கடலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஆறுகள் குட்டை, சரிவு அதிகம்; மேலே கொட்டிய மழை சீக்கிரமே ஊருக்குள் வந்துவிடும். காவிரி மாதிரி மேட்டூரில் நின்று யோசித்து வருவதெல்லாம் இல்லை.

பாங்காக்கிலும் சைகோனிலும் (ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயர்) அப்போது மழை ஓய்கிறது என்பது உண்மை. அந்த உண்மையை ஒரே நாடு, ஒரே சீசன் என்று இழுத்து விற்பதில்தான் தில்லுமுல்லு இருக்கிறது. வியட்நாம் வடக்கு தெற்காக நம் காஷ்மீர், கன்னியாகுமரி மாதிரி நீண்டு கிடக்கும் நாடு. 'வியட்நாம் சீசன்' என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்த ஊர், எந்த மாதம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

ஹோய் ஆனுக்கு என்னைக் கேட்டால் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை, நம் மாசி பங்குனி. மழை குறைவு, வெயிலும் தாங்கும். மே முதல் ஆகஸ்ட் வரை கடலும் தீவும் நன்றாக இருக்கும், ஆனால் மத்தியான வெயில் திருச்சி வெயிலுக்குத் தம்பி. கோடை விடுமுறை என்பதால் உள்ளூர்க் கூட்டமும் உண்டு. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ டெட் என்ற அவர்களுடைய புத்தாண்டு வரும். அந்த வாரம் பல கடைகள் சாத்தியிருக்கும், டிக்கெட் விலை ஏறியிருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை விலை குறைவு. மழை பெய்தால் பெய்யட்டும் என்பவர்கள் தெரிந்தே போகலாம், மாடி அறையாகப் பார்த்து எடுங்கள். எங்களுக்கு வந்தது சின்ன வெள்ளம்தான் என்று பிறகு புரிந்தது. 2025 அக்டோபர் கடைசியில் அதே தெருக்கள் மூழ்கிக் கிடந்த படங்களைப் பார்த்தபோது, மாடிக்குப் பெட்டி தூக்கிய பையன்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அப்புறம் விசா. அரசின் இணையதளத்திலேயே ஒரு முறை நுழைவுக்கு 25 டாலர் கட்டி நாமே எடுத்துக்கொள்ளலாம். எங்களிடம் ஆளுக்கு 5,500 ரூபாய் வாங்கினார்கள். இதைத் தனியாகத் திட்ட எனக்குத் தெம்பு இல்லை.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது முதலில் போனையே எடுக்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், பிறகு வக்கீல் நோட்டீஸ். தீவுப் பயணத்துக்கு வாங்கிய 16,800 ரூபாயை நோட்டீஸ் போன மறுவாரமே கணக்கில் போட்டுவிட்டார்கள். இல்லாத படகுக்குப் பணம் வாங்கியதை எப்படி நியாயப்படுத்துவது என்று அவர்களுக்கே தெரியவில்லை போலும். சர்சார்ஜும் அறை வித்தியாசமும் தர முடியாது என்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 5 லட்சம் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். கைகொடுத்தவை மூன்றுதான்: 'பீக் சீசன்' என்று அவர் எழுத்தில் அனுப்பிய வாட்ஸ்அப், 'சீசன் சர்சார்ஜ்' என்று தனி வரியாக இருக்கும் பில், அந்தக் கட்டண அட்டையின் போட்டோ. போனில் சொன்ன எதுவும் இப்போது என்னிடம் இல்லை. ஏஜென்ட் பேச்சில் என்ன வாக்குக் கொடுத்தாலும், "அதையே மெசேஜ்ல போட்டுடுங்க" என்று கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. திரும்புகிற அன்று மழை கொஞ்சம் விட்டது. டிரைவர் எங்களை மீ சன் கோயில்களுக்குக் கூட்டிப் போனார். அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம் அரசர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள், முதல் கோயில் 4-ம் நூற்றாண்டு. பாதி இடிந்து, பாசி ஏறி, அமெரிக்கக் குண்டுக் குழிகளில் மழைநீர் நின்றுகொண்டிருந்தது. மாமனார் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே ஒரு லிங்கத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் நான் ஏஜென்டை மறந்திருந்தேன்.

இரண்டு வாய்தா ஆகிவிட்டது. அடுத்தது ஐப்பசி 12. போனில் தேதியைச் சொன்னதும் மாமனார் சொன்னார், "குடை எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை."