வில்லா, திரித்துப்பாக்கியா? வெடியுப்பைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்

1570களின் ஜப்பான். ஒரு டைம்யோவிடம், அதாவது தன் படைபலத்தால் ஒரு நிலப்பகுதியை ஆளும் பிரபுவிடம், நூறு அஷிகாரு காலாட்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கையில் வில்லைக் கொடுப்பதா, கனலும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் திரித்துப்பாக்கியைக் கொடுப்பதா? என் கட்சி துப்பாக்கி. அதன் சத்தம், புகை, குதிரைகள் மிரள்வது, ஐம்பது மீட்டருக்குள் கவசத்தைத் துளைப்பது எல்லாம் தெரிந்த கதை. என்னைக் கேட்டால், தீர்ப்பு சொல்ல வேண்டியது வெடியுப்பு, அதாவது வெடிமருந்தில் பெரும்பங்கான உப்பு. அது தங்குதடையில்லாமல் வந்துசேருமா என்பதைப் பார்த்துத்தான் இந்தத் தேர்வைச் செய்ய வேண்டும்.

முதலில் வில். ஜப்பானிய வில் ஆளைவிட உயரம், ஏறத்தாழ 2.2 மீட்டர். மூங்கிலையும் மரத்தையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. பிடி நடுவில் இருக்காது; கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். ஒட்டுப்பசை தோலிலிருந்து காய்ச்சியது என்பதால் ஈரம் பட்டால் இளகும். அதற்காகத்தான் அரக்குப் பூச்சும் பிரம்புச் சுற்றும். வேலை முடிந்ததும் நாணைக் கழற்றி வைக்க வேண்டும். சணல் நாணுக்கு அவ்வப்போது பிசின் தேய்க்க வேண்டும். இவ்வளவுதான் பராமரிப்பு. இதற்கு வேண்டிய மூங்கில், மரம், சணல், பசை, இறகு எல்லாமே உள்நாட்டுச் சரக்கு. கப்பலை எதிர்பார்த்து உட்கார வேண்டியதில்லை.

வேகத்திலும் வில்லே முந்தும். 1686இல் கியோத்தோவின் சஞ்சூசங்கெந்தோ கோவில் தாழ்வாரத்தில் வாசா தைஹச்சிரோ என்ற வில்லாளி ஒரே நாளில் 13,053 அம்புகள் எய்தார்; அவற்றில் 8,133 அம்புகள் சுமார் 120 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தின் மறுமுனையைத் தொட்டன. நிமிடத்துக்கு ஒன்பது அம்பு. ஆனால் அப்படி ஒரு தோளை உருவாக்க எத்தனை வருடம் ஆகும்? ஏர் பிடித்தவனை இந்த அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் நடுவே வில்லாளியாக்க முடியாது. சாமுராய் வீட்டில் சிறுவயதிலிருந்தே பழகியவர்களுக்குத்தான் அது கைவரும்.

துப்பாக்கியைச் சில வாரங்களில் பழக்கிவிடலாம். வரிசை மாறாமல் செய்தால் போதும். வெடிமருந்தும் குண்டும் ஒன்றாக அடைத்த சிறு குழாயை வாயால் திறந்து குழலுக்குள் கவிழ்க்க வேண்டும். சலாகையால் கெட்டிக்க வேண்டும். பக்கவாட்டுக் கிண்ணத்தில் நுண்ணிய பற்றுமருந்தைத் தூவி மூடியைச் சாத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் கனலும் திரியைக் கவ்வியில் பொருத்த வேண்டும். மூடியைத் திறந்து, கட்டையைக் கன்னத்தில் அணைத்துக் குறிபார்த்து, விசையை இழுக்க வேண்டும். தேறிய ஆளுக்கே இருபது முப்பது விநாடி பிடிக்கும்.

தவறுவதும் இந்த வரிசையில்தான். மூடி சாத்துமுன் திரியை மாட்டினால் பொறி பட்டு முன்கூட்டியே வெடிக்கும். பதற்றத்தில் சலாகையை விலகலாகக் குத்தினால் மரச்சலாகை முறியும். உதிரிச் சலாகை இல்லாதவன் அன்றைக்கு வெறுங்கையன். சில வேட்டுகளுக்குப் பிறகு குழலுக்குள் கசடு படிந்து குண்டு இறங்காது. அதற்காகவே சற்றே சிறிய குண்டுகளைத் தனியாக வைத்திருந்து பின்வேட்டுகளுக்குப் பயன்படுத்தினார்கள். சுடாமல் நின்றாலும் திரி எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் அதற்கும் கையிருப்பு வேண்டும். மழைக்கு விசைப்பகுதியின் மேல் ஒரு மூடியைக் கவிழ்க்கலாம். தூறலுக்குத் தாங்கும், கொட்டும் மழைக்குத் தாங்காது.

துப்பாக்கியைச் செய்வது கடினமா என்றால், ஒரே ஓர் இடத்தில். 1543இல் தனெகஷிமா தீவில் ஒரு சீனக் கப்பலில் வந்த போர்த்துக்கீசியரிடம் தீவின் தலைவர் தொகிதகா இரண்டு துப்பாக்கிகள் வாங்கினார். யாயிதா கின்பெ என்ற கொல்லர் குழலைச் செய்துவிட்டார். இரும்புத் தகட்டைக் கம்பியின் மேல் சுற்றிப் பற்றவைப்பது வாள் அடிக்கும் நாட்டில் பெரிய காரியமில்லை. திணறியது குழலின் அடிப்பகுதியை அடைப்பதில். அதற்குத் திருகும் மரையும் வேண்டும். ஜப்பானியக் கொல்லர்களுக்கு அது பழக்கமில்லாத வேலை. வெறுமனே பற்றவைத்து மூடினால் கசடெடுக்கக் கழற்ற முடியாது. அடுத்த வருடம் வந்த வெளிநாட்டுக் கொல்லர் ஒருவரிடம் கற்றுக்கொண்ட பிறகே அது தீர்ந்தது. சில பத்தாண்டுகளில் சகாய், குனிதொமோ, நெகொரோ எங்கும் பட்டறைகள். ஆக, துப்பாக்கி உள்நாட்டுப் பொருளாகிவிட்டது. அதற்குள் போடும் மருந்து ஆகவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மொம்மே என்பது ஜப்பானிய எடையளவு; 6 மொம்மே குண்டு ஒன்று 22.5 கிராம். அதற்கு ஏறத்தாழ பாதி எடை மருந்து. நூறு பேர், ஆளுக்கு முப்பது வேட்டு என்றால் ஈயம் மட்டும் 67.5 கிலோ. மருந்து 33 கிலோ சொச்சம். அதில் முக்கால் பங்கு, அதாவது 25 கிலோ, வெடியுப்பு. கந்தகம் எரிமலை நாட்டில் வேண்டிய மட்டும் உண்டு. கரிக்கும் பஞ்சமில்லை. ஆனால் மழை அதிகமான மண்ணில் வெடியுப்பு தங்காது, கரைந்துபோகும். அதனால் சீனாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) கப்பலில் வர வேண்டியதாயிற்று. ஈயத்திலும் ஒரு பகுதி வெளிநாட்டுச் சரக்கு. அக்காலக் குண்டுகள் சிலவற்றின் ஈயம் தாய்லாந்தின் சோங் தோ சுரங்கத்தோடு ஒத்துப்போகிறது.

தெற்கே கியூஷூ தீவின் டைம்யோ ஓதொமோ சோரின் 1567இல், சீனக் கரையில் போர்த்துக்கீசியர் இருந்த மக்காவ் துறைமுகத்தின் பாதிரித் தலைவருக்கு எழுதிய கடிதத்தை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். அவர் துப்பாக்கி கேட்கவில்லை. வெடியுப்பு தனக்கு மட்டும் வர வேண்டும், எதிரி மோரிக்குப் போகக்கூடாது என்று கேட்டார். கிறிஸ்தவப் பாதிரிகளுக்கு மேற்குத் துறைமுகங்களில் கிடைத்த வரவேற்பில் இந்த உப்புக்கும் பங்குண்டு.

உள்நாட்டிலேயே காய்ச்ச வழியே இல்லையா? இருந்தது. மலைக்கிராமமான கொகயாமாவில் வீட்டுக்குள் அடுப்பங்கரையை ஒட்டிக் குழி வெட்டி, மண், பட்டுப்புழு எச்சம், மாசிப்பத்திரி போன்ற செடிகள், சிறுநீர் என்று அடுக்கி, அவ்வப்போது கிளறிவிட்டு, நான்கைந்து வருடம் ஊறவிடுவார்கள். பிறகு அந்த மண்ணை நீரில் வடித்து, சாம்பல் சேர்த்துக் காய்ச்சி, உப்பைப் படியவைப்பார்கள். தரமான சரக்குதான். ஆனால் இன்றைக்குக் குழி வெட்டினால் வேட்டு வெடிப்பது ஐந்து வருடம் கழித்து. அடுத்த மாதச் சண்டைக்கு அது உதவாது.

அப்படியிருந்தும் ஏன் துப்பாக்கி என்கிறேன்? வெடியுப்பைக் காசு கொடுத்து வாங்கலாம், பத்து வருடப் பயிற்சியை வாங்க முடியாது. அன்றைய பலம்மிக்க டைம்யோ ஒதா நொபுனாகா சகாய் துறைமுகத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்ததை நான் இப்படித்தான் பார்க்கிறேன். 1575இல் நாகஷினோ போரில் அவரிடம் இருந்தவை 3,000 துப்பாக்கிகளா 1,000 துப்பாக்கிகளா, மூன்று வரிசையாக மாறிமாறிச் சுட்டார்களா என்பதில் வரலாற்றாய்வாளர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. அங்கே சுடச்சுட மருந்து தீராமல் இருந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஜப்பானின் கொரியப் படையெடுப்பின்போது, 1598இல், அங்கே போரிட்ட படைத்தலைவர் அசானோ யுகிநாகா தன் தந்தைக்கு எழுதியதும் இதையொட்டியதே: வேறு தளவாடம் வேண்டாம், துப்பாக்கி கொண்டுவாருங்கள், சாமுராய்களும் துப்பாக்கியோடு வரட்டும்.

நூறு பேரில் எழுபது துப்பாக்கி, முப்பது வில் என்பது என் பங்கீடு. மருந்து கெட்டிக்கும் அந்த முப்பது விநாடிக்கு வில்லாளிகள் இடையிடையே நிற்க வேண்டும். அந்தக்கால முறையும் அதுவே. கடற்கரை இல்லாத பிரபுவாக இருந்தால் இந்தப் பங்கீட்டைத் திருப்பிப் போடுவேன். மலைநாடான காயை ஆண்ட தகேதா குடும்பம் குண்டு வார்க்க ஈயம் போதாமல், கோவிலுக்குக் காணிக்கையாக வந்த செல்லாத செப்புக்காசுகளைக் கேட்டு வாங்கி உருக்கியது.