குறி இல்லாத ஐந்து ரூபாயா, அச்சு விலகிய ஒரு ரூபாயா?

என் மேசையில் இரண்டு நாணயங்கள். முதலாவது ஐந்து ரூபாய். இதே மாதிரி ஒன்றைத்தான் ஆன்லைனில் ‘மின்ட் குறி இல்லாத அபூர்வப் பிழை’ என்று 5,000 ரூபாய்க்குப் போட்டிருந்தார்கள். மின்ட் குறி என்பது நாணயத்தை எந்த ஊர் நாணயச் சாலையில் அடித்தார்கள் என்று காட்டும் அடையாளம். ஆண்டுக்குக் கீழே புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் ஐதராபாத், வைரம் மும்பை. கொல்கத்தாவில் அடித்ததற்குக் குறியே கிடையாது! ஆக, ஐந்து ரூபாய்க்கு ஐந்து ரூபாய்தான். டீக்குக்கூடப் பத்தாது.

மற்றது 2011 வரிசை ஒரு ரூபாய். அச்சு ஒதுங்கி, ஓரத்தில் பிறை மாதிரி வெறுமை. வேலூர் லாங்கு பஜாரில் நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 3.8 கிராம். இருக்க வேண்டியது 3.79. அரத்தால் ராவியிருந்தால் எடை குறைந்திருக்கும், கீறலும் தெரியும். இதற்குச் சேகரிப்பவர்கள் காசு கொடுப்பார்கள். லட்சக்கணக்கில் எல்லாம் இல்லை. விற்றுத் தர முன்கூட்டியே கமிஷன் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி 2021-லேயே எச்சரித்திருக்கிறது.