ட்ரெட்டினாயின் களிம்பா, கெமிக்கல் பீலா?

குளச்சல், முட்டம் பக்கம் வருடக்கணக்கில் கடற்கரை வெயில் பட்ட முகத்தில் சுருக்கமும் கருந்திட்டும் வருவது சகஜம். அதற்கு நாகர்கோவிலில் தோல் மருத்துவரைப் பார்த்தால் இந்த இரண்டும் பேச்சில் வரலாம்.

ட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து. தோலை உறுதியாக வைக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைத் தூண்டும். பெரும்பாலும் 0.025% களிம்பில் தொடங்குவார்கள். இரவில், நன்றாகக் காய்ந்த முகத்தில், மொத்த முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, முதலில் வாரம் இரண்டு மூன்று நாள் போதும். ஆரம்ப வாரங்களில் தோல் சிவக்கும், எரியும், உரியும். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். பொறுத்தால் 3 முதல் 6 மாதத்தில் மெல்லிய சுருக்கங்கள் மங்கும். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

கெமிக்கல் பீலில் ஒரு வகையான கிளைகாலிக் பீல், கிளைகாலிக் அமிலத்தைப் பூசி மேல்தோலை உரித்தெடுக்கும். சில நிமிட வேலை, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை. பளபளப்பு சீக்கிரம் தெரியும்; வீட்டில் கல்யாணம் நெருங்கினால் எல்லோருக்கும் ஆசை இதன் மேல்தான்! ஆனால் மாநிறத் தோலில் அமிலம் கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் புதுக் கருமை வந்துவிடும். ஆழ்ந்த சுருக்கத்துக்கு இது பெரிதாக உதவாது.

சுருக்கத்துக்கு என் ஓட்டு களிம்புக்கே. இரண்டையும் செய்பவர்கள் பீலுக்குச் சில நாள் முன்பே களிம்பை நிறுத்த வேண்டும். சன்ஸ்கிரீன் இரண்டுக்கும் கட்டாயம். அப்புறம், சீட்டில்லாமல் மருந்துக்கடையில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பு கைக்கு வரலாம். அதை மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும்.